பயம் இருந்த வரைக்கும்

அன்றைக்கு யானை வாசனை முதலில் எனக்குத்தான் வந்தது. அதுவே சரியில்லை.

கோபிநத்தத்தில் என் மனைவியின் அண்ணன் நிலத்தைத் தாண்டி, காவிரிப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மூன்று பேரும் போய்க்கொண்டிருந்தோம். எப்போதும் போல என் மனைவி முன்னால், நான் நடுவில், அவள் அண்ணன், என் மச்சான், பின்னால். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புளித்த வைக்கோலும் ஈரச் சாணமும் கலந்த மாதிரி ஒரு நெடி காற்றில் வந்தது. நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவன். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வருடக்கணக்காக ஆசிட் காற்றைச் சுவாசித்து மூக்கு மழுங்கிப்போனவன். எனக்கே தெரிந்த நெடி அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பெல்லாம் இந்தப் பாதையில் எங்களுக்கு ஒன்றும் உறைக்காத தூரத்திலேயே அவள் நின்றுவிடுவாள். வலது கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி விரல்களை விரிப்பாள். அசையாதீர்கள் என்று அர்த்தம். நானும் மச்சானும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்போம். அன்றைக்கு அந்தக் கை தாழவில்லை. அவள் பாட்டுக்கு வீசி நடந்துகொண்டிருந்தாள்.

"ஏய், நில்லும்மா" என்றேன் அடிக்குரலில். "ஆனை இருக்கு."

திரும்பிப் பார்த்தாள். "இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.

மூங்கில் புதருக்குப் பின்னால் காது விசிறும் சத்தம் கேட்டது. மச்சான் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தனி ஆண் யானை. புதரை விலக்கிக்கொண்டு பாதைக்கு வந்து, தலையை உயர்த்தி, மண்ணை ஓர் எத்து எத்தியது. நாங்கள் முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்ந்தோம். எங்களை நோக்கிக் கொஞ்ச தூரம் ஓடி வந்து, என்ன நினைத்ததோ, நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கல்யாண வீட்டில் யாரோ கேலி பேசினதைக் கேட்டதுபோல.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மச்சான், "அம்மிணி, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? நீ பாக்காத ஆனையா?" என்று கத்தினார். அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். மச்சான் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்கிற பார்வை. இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் யார் என்று சொன்னால்தான் அந்தச் சிரிப்பு ஏன் எங்களை அப்படி உலுக்கியது என்று விளங்கும்.

மெஷினில் என் விரல் மாட்டிக்கொண்டபோது மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எனக்குக் கட்டுப் போட்ட நர்ஸ்தான் அவள். வலியிலிருந்து கவனத்தைத் திருப்ப எல்லோரிடமும் எதையாவது கேட்பாள். என்னிடம், "லீவு நாள்ல என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"தூங்குவேன்."

"அட பாவமே" என்றாள், என் விரலுக்கு இல்லாத அனுதாபத்தோடு.

கட்டு மாற்றப் போய்ப் போய் அது கல்யாணம் வரைக்கும் வந்தது. என் அப்பா அம்மா தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர்கள். எனக்குத் தமிழ் வீட்டோடு சரி, வெளியில் எல்லாம் கன்னடம். காவிரிக்கரைக் காட்டோரத்தில் பிறந்த அவளுடைய 'ஏனுங்க', 'சொல்லுங்க' எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. அவளுடைய ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அங்கே பிறந்த சந்தனக் கடத்தல்காரனைப் பற்றித்தான் விசாரிப்பார்களாம். "காடு நல்லா இருக்குதுங்க, வந்து பாருங்க" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

மைசூரில் அக்ரஹாரம் என்னும் பகுதியில் கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். நைட் டியூட்டி முடிந்து வரும் நர்ஸ்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். இவள் சீருடைமேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நேராகச் சாமுண்டி மலைப் படிக்குப் போவாள். இல்லாவிட்டால் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கூழைக்கடாக்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், "ஆஸ்பத்திரிய அங்கயே உதறிட்டு வர்றேன். அப்படியே வந்தா வூட்டுக்குள்ள நாத்தமடிக்கும்" என்பாள். வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் லீவில் கொள்ளேகால் வழியாகப் பஸ் மாறி ஊருக்குப் போய்க் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால்தான் அடுத்த வாரம் வேலைக்குப் போக முடியும் அவளுக்கு. மகள் பிறந்த பிறகு அவளையும் முதுகில் கட்டிக்கொண்டு போனாள்.

தைரியசாலி என்று அவளைப் பலபேர் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. காட்டில் அவள் நடப்பது தைரியத்தில் அல்ல. சருகில் காலை வைக்குமுன் குச்சியால் தட்டுவாள். பாறை மறைவில் ஒருபோதும் உட்கார மாட்டாள். சாயங்காலம் குரங்குகள் ஒரு தினுசாகக் கத்தினால், நல்ல காட்சி எதிரே இருந்தாலும் திரும்பிவிடுவாள். "பயப்படாதவனக் காடு வெச்சுக்காது" என்பது அவள் வீட்டில் எல்லோரும் சொல்வது. வார்டிலும் அவள் அப்படித்தான். ஒரு நோயாளி திடீரென்று அமைதியானால், மற்றவர்கள் நிம்மதியாகப் போகும்போது இவள் மட்டும் அங்கேயே நின்று பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் யானை முன்னால் சிரித்தாள்.

மூக்கு விஷயத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனா வார்டில் வேலை பார்த்தபோது அவளுக்கும் அது வந்து, வாசனை போய், பிறகு மெதுவாகத் திரும்பியிருந்தது. மறுபடி போனபோது, அதன் மிச்சம்தான் இது என்று டாக்டர்கள் சொன்னார்கள், அவளும் சொன்னாள். பால் தீய்ந்து வீடெல்லாம் புகையும்போது பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் கேஸ் நெடி ஆளை அடித்தது. அடுப்புத் திருகு திறந்தபடி இருந்தது. அவள் ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு வந்த என்னிடம், "வந்துட்டீங்களா? டீ போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

அதன்பின் அவள் வெளியே போவதும் நின்றுபோனது. ஏரிக்குப் போவதில்லை. மலைக்குப் போவதில்லை. மச்சான் போன் செய்து, ஊஞ்சமரமெல்லாம் துளிர்விட்டிருக்கிறது, வா அம்மிணி என்று கூப்பிட்டால், "பாக்கலாம்ணா" என்பாள். பார்க்கவே மாட்டாள். லீவு நாளில் காலையில் உட்கார்ந்த நாற்காலியில் மத்தியானமும் இருப்பாள். காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த மகள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "அப்பா, அம்மா யாக்கோ சரியில்லப்பா. நான் அழுதாக்கூட சும்னே நோடுறாங்க" என்றாள். தமிழும் கன்னடமுமாகத்தான் அவள் பேசுவாள். அம்மா ஏனோ சரியில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்கிறாள். நானும் அதைக் கவனித்திருந்தேன். வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தேன்.

பிறகு வார்டு இன்சார்ஜ் அம்மா எனக்குப் போன் செய்தார். செத்துப்போன ஒரு பெரியவரின் மகன் அழுதுகொண்டிருந்தபோது உங்கள் மனைவி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார், நாங்கள் எப்படியோ சமாளித்தோம் என்றார். கொஞ்சம் தயங்கி, "அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல. தலைய ஒரு ஸ்கேன் பண்ணிப் பாத்துடுங்க" என்று கன்னடத்தில் சொன்னார். அதைச் சொல்லத்தான் போன் செய்திருக்கிறார்.

ஸ்கேன் படத்தை டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டினார். நெற்றி எலும்புக்குப் பின்னால், ஒரு கோழிமுட்டை அளவுக்கு வெளுப்பாக ஒன்று இருந்தது. டாக்டர் பேச வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.  என் மனைவி எழுந்து போய்ப் படத்துக்குக் கிட்டே நின்று பார்த்தாள்.

"முன் மூளைங்க. நல்லா வளந்திருக்குது" என்றாள் என்னிடம் திரும்பி. யாரோ தோட்டத்தில் பூசணிக்காயைப் பார்த்துச் சொல்வது மாதிரி. அவள் தலையில் இருப்பது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அறையில் பயந்துபோனவர்கள் நானும் டாக்டரும்தான்.

முடியை மழித்து ஆபரேஷன் செய்தார்கள். சில நாள் கழித்து ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். நான் ஸ்பூனில் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க."

எத்தனையோ மாதம் கழித்து என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைத்தாள். அவள் அழுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வெளியே வராண்டாவுக்கு ஓடி மகளைக் கூப்பிட்டு, "அம்மா அழறா, வந்து பாரு" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கட்டி கெட்ட வகை என்று பரிசோதனையில் வந்தது. எடுத்தாலும் திரும்ப வளரும், ரேடியேஷன் கொடுத்துத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். இம்முறை அவளுக்கு எல்லாம் உறைத்தது. வீட்டுக்கு வந்த அன்றே என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: "நோவு எனக்குத் தெரியாதுங்க. மறுபடி வந்தா வலிச்சுக்கிட்டு வராது. பயம் போயிரும், அவ்வளவுதான். பயம் இருக்கற வரைக்கும் நான் நானாத்தான் இருக்கறேன். அது போயிருச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லிருங்க. மறைக்காதீங்க."

"சொல்றேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குப் பிந்தைய மாதங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நல்ல மாதங்கள்தான். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏரிக்குப் போனாள். வாசனை மட்டும் திரும்பி வரவே இல்லை. அதனால் என்னைக் கேட்பாள்: "இப்ப என்ன வாசம் வருது?"

"மழை வாசனை."

"தூரத்து மழையா, கிட்டவா?"

எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும். குத்துமதிப்பாக எதையாவது சொல்வேன். அவள் நம்புகிற மாதிரி தலையாட்டுவாள். ஆனால் எந்நேரமும் நானும் அவளும் சேர்ந்து அவளையே கண்காணித்துக்கொண்டிருந்தோம். பஸ் ஹாரன் அடித்தால் அவள் தோள் குலுங்குகிறதா என்று நான் பார்ப்பேன். நான் பார்க்கிறேனா என்று அவள் பார்ப்பாள். மகள் டிவியில் ஏதோ ஒரு பேய்ப்படம் போட்டால், பாதியில் எழுந்து போகும் ஆள், ஒருநாள் உட்கார்ந்து முழுதும் பார்த்தாள். நான் படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும், "பயந்துக்கிட்டேதான் பாத்தனுங்க" என்று தானாகவே சொன்னாள். சிரித்தோம். அந்தச் சிரிப்பையும் நான் காது கொடுத்துக் கேட்டேன், அது பழைய சிரிப்புத்தானா என்று.

கோடை தொடங்கும்போது, ஊருக்குப் போய் இருக்கலாம் என்றாள். நான் நீண்ட விடுப்பு எடுத்தேன். காடு காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. மலைமேல் எங்கேயோ தீப்பிடித்த புகை பகலெல்லாம் ஒரே இடத்தில் நின்றது. மச்சான் வீட்டில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் அவள் அதன் விளிம்புக்குப் போய்க் கால் கட்டைவிரல்கள் வெளியே நீண்டிருக்கும்படி நின்று உள்ளே பார்ப்பாள். முதல் நாள் அதைப் பார்த்த மச்சானுக்கு உயிரே போய்விட்டது. ஓடப் போனவரை நான் தடுத்தேன். அவள் இரண்டு அடி பின்னால் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "கலங்குதுங்க. நல்லாக் கலங்குது."

தினமும் அதைச் செய்தாள். தினமும் நான் தென்னைமரத்தடியில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். மச்சானுக்குத் தெரிந்த மீன்பிடிக்கிறவர் ஒருவர் எங்களைப் பரிசலில் ஏற்றிக்கொண்டார். தண்ணீர் வற்றிப் பாறைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஒரு திட்டில் முதலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தது. நாங்கள் கிட்டே போனதும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. அந்த இடத்தில் தண்ணீர் கறுத்து ஆழமாக இருந்தது. பரிசல்காரர் துடுப்பை வேகமாகப் போட்டார்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் நீர்மருதுகள் மட்டும் பச்சையாக இருந்தன. அப்படிப் பார்த்துக்கொண்டே கையைப் பரிசலுக்கு வெளியே விட்டாள். மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் போனது. விரல்களால் தண்ணீரை அளைந்தாள்.

"அக்கா, கைய எடுங்கக்கா" என்றார் பரிசல்காரர். "இப்பத்தான அது எறங்குச்சு."

"ஆமா, பாத்தனே" என்றாள். கையை எடுக்கவில்லை.

சின்ன வயதிலிருந்து அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள். துணி துவைக்கக்கூட அந்த மடுவுக்குப் போகமாட்டார்கள் அந்த வீட்டுப் பெண்கள். நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி என் துண்டால் துடைத்தேன். விரல் விரலாகத் துடைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "என்னுங்க?" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

சொல்வதாகச் சத்தியம் செய்திருந்தேன். 

"போயிருச்சும்மா" என்றேன்.

 நான் எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன்.

"அப்படீங்களா" என்றாள். பஸ் போய்விட்டது, அடுத்ததில் போகலாம் என்று சொன்னால் ஒருவர் எப்படிச் சொல்வாரோ, அப்படி. பிறகு மறுபடி மரங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

மறுபடி ஸ்கேன், மறுபடி மருந்து எல்லாம் செய்து பார்த்தோம். தெளிவாக இருந்த நாட்களிலேயே, கடைசியில் தன்னை வார்டில் வைக்கவேண்டாம் என்று மகளையும் என்னையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரின் கடைசி நேரத்தை அங்கே பார்த்தவள், அவளுக்குத் தெரியும். ஆகவே கோபிநத்தத்துக்கே கொண்டுபோனோம். வேலியோரப் புங்கமரத்தடியில் கட்டில் போட்டோம். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு. எறும்பு கையில் ஏறினாலும் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தைவிட்டு மகள் எழுந்ததே குறைவு.

ஒரு மத்தியானம் அனல்காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. மச்சான் சோளத்தட்டைப் போரின்மேல் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். வடக்கே மேகம் கூடி இடி இடித்தது. மகள் சட்டென்று, "அப்பா, இல்லி பன்னி" என்றாள், இங்கே வாருங்கள் என்று கன்னடத்தில். நான் போனபோது என் மனைவிக்கு மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. மச்சான் ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அம்மிணி" என்றார். மழை அந்தப் பக்கமே போய்விட்டது. எங்கள்மேல் ஒரு துளிகூட விழவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். இன்சார்ஜ் அம்மா, முதல்முறையாக அந்த ஊரைப் பார்ப்பதாகச் சொன்னார். மச்சான் குடும்ப வழக்கப்படி அவர் நிலத்திலேயே ஒரு மூலையில் புதைத்தோம்.

ராகி விதைப்புக்கு நான் மட்டும் போனேன். ஏரோட்டிச் சால் போட்டுக்கொண்டிருந்த மச்சான் மாட்டை நிறுத்திவிட்டு வந்து, "கண்ணு வரலீங்களா, மாப்ள?" என்று கேட்டார்.

"பரீட்சை" என்றேன்.

பரீட்சை எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அந்த ஊர் வேண்டாம்ப்பா, மரத்தடியே வேண்டாம் என்று மகள் அக்ரஹாரத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரிங்க, அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு விதைக்கூடையை என்னிடம் கொடுத்தார். நான் அவருக்குப் பின்னால் சாலில் விதையைப் போட்டுக்கொண்டே நடந்தேன்.